டிரம் அடிக்கும்வரை

கெல்லர்ஸ்பர்க், ஒஹாயோ
1988 மே 23

வெண்டலுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயும் கொஞ்ச நாளைக்கு நலமாக இருக்க வேண்டாம்.

போன வியாழக்கிழமையிலிருந்து உன் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் உன் பெண்டாட்டி டெல்லாதான் எடுக்கிறாள். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். உன்னை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்காகக் குளிக்க வைக்க அம்மா விளக்குமாற்றைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது என்ன திடீர்க் குளியல்? கூடப்பிறந்தவளைத் தலைமுழுகத்தானோ? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்துக்குப் பயந்து யாரும் குளியலறையில் ஒளிய முடியாது.

புதன்கிழமை நடந்ததை வரிசையாக எழுதித் தரும்படி எங்கள் பள்ளிக் குழுவின் தலைவர் ஹார்ட்மன் கேட்டிருக்கிறார். முதலில் உனக்கே எழுதிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் சொல், பார்க்கலாம்.

பதினைந்து வருடமாகச் செய்வதைப் போல என் எட்டாம் வகுப்பைப் பஸ்ஸில் ஏற்றி மேரிலாண்டுக்கு, ஹார்லன் மேட்டுக்கு, கூட்டிக்கொண்டு வந்தேன். உள்நாட்டுப் போரில் எங்கள் ஊர்ப் படை ஏறிப்போன அதே புல்வெளியில் பிள்ளைகள் அந்தப் படையைப் போலவே நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். வழிகாட்டி நீ. நடுவில் நடந்து, ஒவ்வொருவர் தோளாகத் தொட்டுக்கொண்டு வந்தாய். நீ தொட்ட பிள்ளை செத்த பிள்ளை. அது அங்கேயே புல்லில் விழுந்துவிட வேண்டும். தப்பித்தவர்கள் மேலே கற்சுவர்வரை போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது நீ டிரம் அடிப்பாய், செத்தவர்கள் எழுவார்கள். டிரம் அடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. இது உன் சட்டம். ஒவ்வொரு வருடமும் மேட்டின் அடியில் நின்று கையை ஆட்டி ஆட்டி நீயே சொல்கிற சட்டம்.

அன்று நீ டிரம் அடிக்கவில்லை. வானம் கறுத்தது, இடி இடித்தது, நீ டிரம்மைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு "ஓடுங்க, பஸ்ஸுக்கு ஓடுங்க" என்று கத்தினாய். ஓடினோம். ஜோலீன் கோவாச் ஓடவில்லை. ஊருக்குள் வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ஒரு தட்டுக் கோழி மிஞ்சியபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

மழையில், இடியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் அந்தப் புல்லில் கிடந்தாள். பக்கத்து நிலத்துக்காரர் ஷாங்க் தன் மாடுகளைத் தேடி வந்தவர், நீலத் தொப்பியைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. இடி விழுந்த பிணம் என்று நினைத்துத்தான் தூக்கியிருக்கிறார். கை காலெல்லாம் தொங்கிக் கிடந்ததாம். அவர் வீட்டுச் சமையலறையில் கம்பளி போர்த்திச் சூடாகக் கோக்கோ கொடுத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "அவர்தான் தூக்கினாரு. நானா எழுந்திருக்கலை."

ஜூன் 14 அன்று விசாரணை. நீ ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும்: 'அன்று நான் டிரம் அடிக்கவில்லை.' கையெழுத்துப் போடு. அதற்கு மேல் உன்னிடம் எனக்கு எதுவும் வேண்டாம்.

ரோவீனா


ஹார்லன் மேடு, மேரிலாண்ட்
மே 27

அக்கா,

உன் கடிதம் வந்தது. டெல்லா உறையைப் பார்த்துவிட்டு "உங்க அக்கா உங்களுக்குப் பரீட்சை வெச்சிருக்காங்க போல" என்றாள்.

நான் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று நனைந்ததில் நெஞ்சு கட்டிக்கொண்டது, வெந்நீரில் கிடந்தேன். ஷாங்க் அவளை ஏற்கெனவே தூக்கிப் போனது தெரியாமல், அந்தக் குழந்தையைத் தேடி நானும்தான் இருட்டும் மழையுமாக அந்த மேடு முழுக்க ஓடினேன். நீ பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் என் தொண்டை போய்விட்டது. அது உன் வரிசையில் வரவில்லை. எனக்குத் தெரியும், உன் வரிசையில் எனக்கு எப்போதும் கடைசி பெஞ்சுதான்.

நீ கேட்ட ஒரு பக்கத்தை எழுத மாட்டேன்.

ஏன் என்று கேள். மின்னல் வெட்டும்போது மொட்டை மேட்டில் நின்று டிரம் அடிக்கிறவன் வழிகாட்டி இல்லை, விறகுக்கட்டை. மற்ற செத்த பிள்ளைகள் எல்லோரும் என் சத்தத்துக்கு எழுந்து ஓடினார்கள். ஒருத்திதான் எழவில்லை. எழாத பிள்ளை எழவில்லை என்று பார்ப்பது யார் வேலை? வழிகாட்டிக்குக் கதை சொல்வது வேலை. டீச்சருக்கு எண்ணுவது வேலை. ஷாங்க் தன் கோழிகளை எண்ணிவிட்டுத்தான் கூண்டை மூடுகிறான், அவன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

அந்தப் பக்கம் உன் குழுவிடம் போனால் இங்கே வழிகாட்டி உரிமம் கொடுக்கும் ஆபீசுக்கும் வரும். அந்த உரிமத் தேர்வில் நான் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறியவன். நீதான் அதை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஊருக்கே சொல்கிறாயே. உரிமம் போனால் நான் என்ன செய்வேன்? உன் பள்ளியில் தரை துடைக்கவா?

நீ என்னைக் கேட்டதற்குப் பதிலாக நான் உன்னை ஒன்று கேட்கிறேன். பஸ் கிளம்பும் முன் நீ எப்படி எண்ணினாய்?

வெண்டல்


கெல்லர்ஸ்பர்க்
ஜூன் 1

வெண்டல்,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் இப்படி எழுதினால் நான் 'சி' கிரேடுதான் போடுவேன். 'விறகுக்கட்டை' மட்டும் நன்றாக இருந்தது.

முறைப்படி பெயர் கூப்பிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு பெயரும் கூப்பிட்டேன். அதற்கு மேல் உனக்குத் தெரிய வேண்டியதில்லை. மழை கூரையில் கொட்டியது, பிள்ளைகள் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக இருந்தார்கள். ஜோலீன் பெயருக்கு யாரோ "இருக்கேன்" என்று குரல் கொடுத்திருக்கலாம். குழுவிடம் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

நேற்று ஜோலீனின் அம்மா வந்தாள். டயர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக என் வகுப்பறைக்கு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து அந்த நீலத் தொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தாள். நனைந்து காய்ந்து சுருங்கிப் போயிருந்தது, ஒரு பொம்மைக்குத்தான் சேரும்.

"இதை வாங்கித் தரச் சொல்லி நச்சரிச்சா. வாங்கிக் கொடுத்தேன். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

"ஜோலீன் எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. காது நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

பிறகு ஒன்று கேட்டாள். "எங்க பொண்ணு பேரைக் கூப்பிட்டீங்க இல்ல? பதில் வரலைன்னதும் என்ன செஞ்சீங்க?"

மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், அவள் போய்விட்டாள். பூசி மெழுகாமல் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்தாறு வயது. என் புருஷன் ஹெரால்ட் செத்த பிறகு அந்த வீட்டில் நான் தூங்கத்தான் போகிறேன். வாழ்வது அந்த வகுப்பறையில். எட்டாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கினால் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் இன்னொரு முறை கேட்கிறேன். ஒரு பக்கம். தராவிட்டால் நீ அந்த மேட்டில் பிள்ளைகளை வைத்து ஆடும் ஆட்டத்தையெல்லாம் உன் உரிம ஆபீசுக்கு நானே எழுதுவேன். எனக்கு எழுத்துப்பிழை வராது.

ரோவீனா


ஹார்லன் மேடு
ஜூன் 5

அக்கா,

சிவப்பு மைக்கு நன்றி. டெல்லா அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படித்துச் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்து இல்லை.

நேற்று உன் பஸ் டிரைவர் லாய்டைப் பார்த்தேன். வேறொரு பள்ளியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சாப்பிட ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தேன். கேட்காமலே சொன்னான்.

"உங்க அக்கா மாதிரி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லைங்க. அந்த மழையில பஸ்ஸுக்குள்ள முன்னாடி நின்னு பேரைப் படிச்சாங்க. உயிரோட இருக்கற பசங்க 'இருக்கேன்'னாங்க. செத்த பசங்க வாயே திறக்கலை. ஒவ்வொரு பேருக்கும் அவங்க கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிஞ்சு, அப்புறம் அடுத்த பேரு. சர்ச்சு மாதிரி இருந்துச்சு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. முடிச்சிட்டு என்னைப் பார்த்து 'போகலாம்'னாங்க."

அக்கா, அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அது உன் பழக்கம், எனக்கு மறக்கவில்லை. மற்ற வருடங்களில் கற்சுவரில் ஏறி நின்று படிப்பாய். போர் முடிந்ததும் படையில் பெயர் கூப்பிடுவது எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகள் உணர வேண்டுமாம். செத்தவர்கள் பதில் சொல்லக் கூடாதாம். மழை வந்துவிட்டது என்று அந்தக் கூத்தைப் பஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டாய். அதையே எண்ணிக்கையாகவும் வைத்துக்கொண்டாய்.

அப்படியானால் இதுதான் நடந்தது. ஜோலீன் கோவாச் என்று கூப்பிட்டாய். பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் குழந்தை பஸ்ஸிலேயே இல்லை. நீ அழகாகத் தலையைக் குனிந்தாய். அடுத்த பெயரைப் படித்தாய்.

இப்போது 'யாரோ குரல் கொடுத்தார்கள்' என்று சொல்லப் போகிறாயாம். யாரோ என்றால் யார்? உன் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்று. உன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனை பிள்ளைகளையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கட்டும், ஒருவரை ஒருவர் நீதானே நீதானே என்று கடித்துக்கொள்ளட்டும், அப்படித்தானே? நீ அந்தப் பொய்யைச் சொன்னால் நான் லாய்டைக் கூட்டிக்கொண்டு ஒஹாயோவுக்கே வருவேன். என்னை மிரட்டாதே.

வெண்டல்


கெல்லர்ஸ்பர்க்
ஜூன் 8

வெண்டல்,

ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்து வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டாய். சந்தோஷம்.

ஆமாம். அப்படித்தான் நடந்தது. கூப்பிட்டேன், பதில் வரவில்லை, தலையைக் குனிந்தேன், அடுத்த பெயரைப் படித்தேன். அந்த மௌனம் அன்று எனக்கு அழகாக இருந்தது, அதையும் எழுதிக்கொள். இந்த வருடம் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்.

இனி உன் முறை. நேற்று நானே கோவாச் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஓடியபோது ஜோலீன் மட்டும் ஏன் எழவில்லை? வெண்டலின் சத்தம் கேட்கவில்லையா?

"கேட்டுச்சாம். எல்லாம் கேட்டுச்சாம். அவ அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாதுன்னு படுத்தே கிடந்திருக்கா" என்றாள்.

அண்ணன் யாரென்று உனக்கு ஞாபகம் வருகிறதா? வராது. போன வருடம் என்னுடன் வந்தான். கொஞ்சம் குண்டான பையன். போன வருடம் நீ டிரம் அடிக்கும் முன் ஒரு வேடிக்கை செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? செத்துக் கிடந்த பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துபோய், சாதாரணக் குரலில், "சாப்பாடு வந்துடுச்சு, எழுந்து வாங்க" என்றாய். அவன் ஒருத்தன் நம்பி எழுந்துவிட்டான். நீ உடனே எல்லோரையும் கூப்பிட்டாய். "இங்க பாருங்க, வறுத்த கோழிக்காகச் செத்தவன் எழுந்துட்டான்." மேடே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளியில் அவனுக்கு, பைபிளில் செத்து எழுந்தவனைப் போல, லாசரு என்றுதான் பெயர். சாப்பாட்டு வரிசையில் நின்றால் "லாசருவே, வெளியே வா" என்பார்களாம். அவன் மத்தியானம் சாப்பிடுவதையே விட்டுவிட்டான். எனக்கு இதெல்லாம் தெரியாது. அவன் வீட்டில் வந்து அழுவதைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் பஸ் ஏறும் முன் அவன் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். "அந்த ஆள் ஏமாத்துவாரு. என்ன சொன்னாலும் நம்பாதே. டிரம் அடிச்சா மட்டும் எழுந்திரு."

நீ ஓடுங்க என்று கத்தினாய். அது உன் புது வேடிக்கை என்று அவள் நினைத்தாள். மற்றவர்கள் ஓடியதையும் கேட்டாள். பாவம், எல்லோரும் ஏமாந்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

இப்போது கோழிக் கூண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது, படிக்கிறேன்.

ரோவீனா


ஹார்லன் மேடு
ஜூன் 11

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று மாலை ஷாங்கிடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு போய், அவள் கிடந்த இடத்தில் நானும் படுத்துப் பார்த்தேன். புல் இப்போது இன்னும் உயரம். படுத்தால் வானம் மட்டும்தான் தெரிகிறது. டெல்லாவைப் பஸ் நிற்கும் இடத்தில் நிற்க வைத்துப் பேசச் சொன்னேன். கத்த வேண்டாம், பேசு என்றேன். நன்றாகக் கேட்டது. கார்க் கதவைச் சாத்தச் சொன்னேன். அதுவும் கேட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகச் சொன்னேன். வளைவு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் குழந்தை பஸ் போவதைக் கேட்டிருக்கிறாள். போய்விட்டது என்று தெரிந்தும் படுத்திருக்கிறாள்.

உன் ஹார்ட்மனுக்கு எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன். டிரம் அடிக்கவில்லை என்று எழுதினேன். போன வருட வேடிக்கையையும் எழுதினேன், லாசரு உட்பட. ஒரு நகலை உரிம ஆபீசுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ சிரமப்பட வேண்டாம். வாங்கிப் படித்துவிட்டு, என் சட்டையில் இருந்த வழிகாட்டி வில்லையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தேன்.

போன வருடம் மேடே சிரித்தபோது நீயும் சிரித்தாய். அதை எழுதவில்லை. பஸ்ஸில் நீ பெயர் கூப்பிட்டதையும் எழுதவில்லை. உனக்காக இல்லை. அது நீ சொல்ல வேண்டியது. லாய்ட் வர மாட்டான், நானும் வர மாட்டேன். நீ என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், மறுக்க அங்கே ஆள் இருக்காது.

இத்துடன் நமக்குள் கடிதம் போதும்.

வெண்டல்


கெல்லர்ஸ்பர்க்
ஜூன் 15

வெண்டல்,

கடிதம் போதும் என்று நீ முடிவு செய்தால் நான் நிறுத்த வேண்டுமா? நீ எப்போது என் வகுப்பை நடத்த ஆரம்பித்தாய்?

நேற்று விசாரணை முடிந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. திருவிழாக் கூட்டம், கேக் விற்கத்தான் யாரும் மேசை போடவில்லை. உன் கடிதத்தை ஹார்ட்மன் உரக்கப் படித்தார். லாசரு என்ற இடத்தில் சில பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் கடிதத்தால் எல்லோருக்கும் என் மேல் இரக்கம் வந்துவிட்டது. எவனோ ஒரு கோமாளியை நம்பி ஏமாந்த டீச்சர். நான் எழுந்தபோது என் பொய் வாயில் தயாராக இருந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஹார்ட்மன் கேட்டார். "பஸ்ல பேர் கூப்பிட்டேன்னு சொல்றீங்க. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ அப்படியே இங்க கூப்பிட்டுக் காட்டுங்க."

பட்டியல் எனக்கு மனப்பாடம். கூப்பிட ஆரம்பித்தேன். அங்கே அந்தப் பிள்ளைகள் யாரும் இல்லை. பெரியவர்களை மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் எந்தப் பெயருக்கும் பதில் வரவில்லை. கூப்பிடுவேன், கூடம் அமைதியாக இருக்கும், அடுத்ததைக் கூப்பிடுவேன்.

ஜோலீன் கோவாச் என்றேன்.

அவள் மட்டும் இருந்தாள், வெண்டல். முன் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில். கை நீட்டினால் தொடலாம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை.

நான் நிறுத்தினேன். தலை தானாகக் குனியப் பார்த்தது, கழுத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த பெயர் நாக்கில் இருக்கிறது. வரவில்லை. கூடம் முழுவதும் காத்திருந்தது.

"அப்புறம்?" என்றார் ஹார்ட்மன்.

"அப்புறம் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்."

"இந்தப் பேருக்குப் பதில் வந்துச்சா?"

"வரலை. அவ இல்லைன்னு எனக்குத் தோணவே இல்லை. செத்தவங்க பதில் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பின்னால் யாரோ "ஐயோ கடவுளே" என்று மட்டும் சொன்னார்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வேலை இருக்கிறது, எட்டாம் வகுப்பு இல்லை. செப்டம்பரிலிருந்து நான் பாடப்புத்தகக் கிடங்கில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பயணம் இனி இல்லை. என் வகுப்பறைச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். நீ வில்லையைக் கழற்றி வைத்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். உன் மேல் இரக்கம் வரவில்லை, நினைத்தேன், அவ்வளவுதான்.

வெளியே நடையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். அம்மா தடுக்கவில்லை.

"ஜோலீன், நான் கூப்பிட்டேன் இல்லையா? ஏம்மா பதில் சொல்லலை?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை. "இன்னும் டிரம் அடிக்கலையே, டீச்சர்."

கிண்டலாக இருக்கக் கூடாதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. அவள் அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "தினமும் இதையேதான் சொல்றா" என்றாள். பிறகு, "அந்த ஆளு, உங்க தம்பி, அவரு வந்து அடிப்பாரா?" என்று கேட்டாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பையன் சாப்பிடாமல் இருந்த ஒவ்வொரு மத்தியானத்துக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் கேட்கிறேன். அவர்களை என் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அடிப்பாயா?

ரோவீனா


ஹார்லன் மேடு
ஜூன் 18

அக்கா,

அடுத்த சனிக்கிழமை காலையில் வா. ஷாங்கிடம் சொல்லிவிட்டேன், அந்த இடத்தில் மட்டும் புல் வெட்டாமல் விட்டிருக்கிறான். வழிகாட்டத்தான் எனக்கு உரிமம் இல்லை. டிரம் அடிக்க யாரும் உரிமம் கேட்பதில்லை. மழை பெய்தாலும் அடிப்பேன்.

அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. டெல்லா கோழி வறுக்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வேறு ஏதாவது செய்வாள். அவனிடம் நான் பேச வேண்டியதை அவன் தங்கை முன்னால்தான் பேசுவேன். நீ அப்போது தள்ளிப் போய் நில். என்ன எழுத்துப்பிழை விடுகிறேன் என்று பார்க்க வேண்டாம்.

அம்மாவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் தங்கட்டும். நீ விடுதியில் தங்கிக்கொள். உன்னை என் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஒன்று மட்டும். டிரம் அடித்தால் அவள் எழுந்து நிற்பாள். நின்றால் மட்டும் போதாது. அவள் பெயரை நீதான் கூப்பிட வேண்டும். பட்டியலைக் கொண்டுவராதே, ஒரே ஒரு பெயர்தான். தலையைக் குனியாதே. பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு.

வெண்டல்